வளையும் சுவர், நுழையாத நாக்கு: கட்டட மாதிரிக் கிட்டுகளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்ய

அழுத்திச் சேர்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பிளாஸ்டிக் வீடுகள் ஒரு வகை. நான் பேசப்போவது கைவினைக் கிட்டுகளைப் பற்றி. லேசரில் வெட்டிய சுவர்கள், ஒரு கட்டு மெல்லிய மரச்சட்டம், ரெசினிலோ பிளாஸ்டரிலோ வார்த்த படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும், காகிதத்தில் அச்சிட்ட பெயர்ப்பலகைகள், முழு அளவு வரைபடம் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். கட்டுவது வாங்கியவரின் வேலை. மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் 1:87 (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு) கேட்பார்கள், நுணுக்கம் கூடுதலாக வேண்டும் என்பவர்கள் 1:48.

ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை நம் பெட்டிக்குக் கொடுக்கிறார். கிட் தயாரிக்கும் நாம் விட்ட பிழையால் அவை வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது. கோளாறு தெரிவது கட்டும் மேசையில், அது பிறந்ததோ அதற்கு வெகு முன்னால், வரைந்த கோப்பிலோ பலகை வாங்கிய நாளிலோ இருக்கும். அதனால் 'அவருக்குக் கட்டத் தெரியவில்லை' என்ற முடிவுக்குக் கடைசியாக வாருங்கள்.

சுவர் வளைந்துவிட்டது

முதலில் எப்போது வளைந்தது என்று கேளுங்கள். பெட்டியைத் திறக்கும்போதே வளைந்திருந்ததா, வண்ணம் பூசிய பிறகா? இரண்டுக்கும் காரணம் வேறு.

திறக்கும்போதே வளைந்திருந்தால் ஈரம்தான் காரணம். மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய அசையாது. நாருக்குக் குறுக்கேதான் வீங்கும், சுருங்கும். கிட்டுகளில் பெரிதும் பயன்படும் பாஸ்வுட் பச்சை மரத்திலிருந்து முழுதாக உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 9.3 சதவீதம் சுருங்கும். இதை நம் மேசைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 100 மி.மீ. அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறினால், அகலம் ஏறத்தாழ 1.2 மி.மீ. மாறிவிடும். 1:87 அளவில் அது நிஜக் கட்டடத்தின் 10 செ.மீ. ஏசி அறையில் இருந்த பலகையை ஐப்பசி மழையில் வெட்டக் கொண்டுபோனால் இந்த அளவு மாற்றம் சாதாரணமாக வரும்.

ஒரு நவம்பரில் சரக்குக் கொட்டகை ஒன்றின் சுவர்களை வெட்டி, அன்றைக்கே பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். மதுரையில் திறந்தவர் அனுப்பிய படத்தில் சுவர் வாழைமட்டைபோல வளைந்திருந்தது. மழை நாளின் ஈரம் உறைக்குள் அடைபட்டு, காய்ந்த அறைக்குள் வெளிவந்தபோது ஒரு பக்கமாக உலர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பலகை வந்ததும் இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, மேலே கனம் ஏற்றி, வெட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது அறைக்குள் வைக்கிறேன். வெட்டிய பிறகு ஒரு நாள் கிடத்தி வைத்து, இருபுறமும் கிரே போர்டு என்ற தடித்த சாம்பல் அட்டை கொடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் போடுகிறேன்.

வண்ணம் பூசிய பிறகு வளைந்தால், ஒரு பக்கம் மட்டும் பூசியிருப்பார். தண்ணீர் கலந்த வண்ணம் பட்ட பக்கம் முதலில் வீங்கும், காய்ந்ததும் தன் பக்கமாகச் சுவரை இழுக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பூசினால் இழுப்பு சமமாகிவிடும். இதைக் குறிப்பேட்டின் பத்தாவது பக்கத்தில் எழுதிப் பயனில்லை, சுவர் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கூடவே உள்பக்கத்துக்குத் தாங்குசட்டமும் கிட்டிலேயே கொடுத்துவிடுங்கள். நார் கிடையாக ஓடினால் தாங்குசட்டம் செங்குத்தாக நிற்க வேண்டும். நாரோடு ஒட்டிய சட்டத்தால் பலன் இல்லை.

ஏற்கெனவே வளைந்ததை மீட்கலாம். உட்குழிந்த பக்கத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் தாள் கொடுத்து, இரண்டு நாள் கனம் வையுங்கள். வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மறுபக்கம் வளையும்.

நாக்கு ஸ்லாட்டில் நுழையவில்லை, அல்லது தொளதொளவென்று ஆடுகிறது

நாக்கு என்பது ஒரு துண்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, ஸ்லாட் அது நுழையும் துளை. இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டும்.

லேசர் ஒரு கோட்டை வெட்டும்போது கொஞ்சம் மரத்தை எரித்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரில் அந்த வெட்டுப்பட்டை ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மி.மீ. இருக்கும். 0.16 என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் நடுவில் கதிர் ஓடுவதால் 5 மி.மீ. என்று வரைந்த நாக்கு 4.84 ஆகிவிடும், 5 மி.மீ. நீளத்துக்கு வரைந்த ஸ்லாட் 5.16 ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே 0.32 மி.மீ. ஆட்டம். கோப்பில் நாக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் 0.08 வெளியே தள்ளுங்கள், ஸ்லாட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் 0.08 உள்ளே இழுங்கள். நீளவாட்டு ஆட்டம் போய்விடும்.

ஸ்லாட்டின் அகலம் வேறு கதை. அதற்குள் போவது பலகையின் தடிமன், அதை லேசர் தொடுவதில்லை. 1.5 என்று விற்கும் பலகையை வெர்னியரில் அளந்தால் 1.4 இருக்கும், அடுத்த கட்டு 1.7 இருக்கும். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, மரம் அப்படித்தான் வரும். நான் செய்வது இதுதான்: 1.2 முதல் 1.9 வரை 0.1 இடைவெளியில் ஸ்லாட்டுகள் உள்ள ஒரு சீப்பை வரைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதுக் கட்டிலிருந்தும் ஒரு மூலையில் அதை வெட்டி, அதே பலகையின் துண்டை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பேன். விரலால் அழுத்தினால் போய், தலைகீழாகப் பிடித்தால் விழாத ஸ்லாட் எதுவோ அதுவே அன்றைய எண். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் ஐம்பது கிட் வெட்டக்கூடாது.

விளிம்பு கருகி, தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது

வேகம் குறைவு, காற்று அழுத்தம் போதவில்லை, லென்ஸில் புகை படிந்திருக்கிறது, குவியம் விலகியிருக்கிறது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். ப்ளைவுட்டாக இருந்தால் உள்ளே இருக்கும் பசையே கருகும். அதற்கு மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுவது பலகையின் மேற்பரப்பைக் காப்பாற்றும், விளிம்பைக் காப்பாற்றாது.

ஆனால் ஒரே தாளில் சில கோடுகள் மட்டும் கருகினால் இயந்திரத்தை விட்டுவிட்டுக் கோப்பைப் பாருங்கள். அம்பத்தூரில் வெட்டக் கொடுத்தபோது அங்கே இயந்திரம் ஓட்டும் தம்பி ஒரு நாள் திரையைக் காட்டி, "அண்ணே, உங்க கோட்டுக்கு மேலயே இன்னொரு கோடு படுத்திருக்கு. மெஷின் ரெண்டு வாட்டி வெட்டுது" என்றார். இரண்டு சுவர்களை ஒட்டி வைத்து வரையும்போது பொதுக்கோடு இரட்டையாகிவிடும், அதுதான் நடந்திருந்தது. கோப்பை அனுப்புமுன் மேல்படிந்த கோடுகளை நீக்கும் கட்டளையை ஓட்டிவிடுங்கள்.

கோப்பு என்றதும் இன்னொன்று. டிஎக்ஸ்எஃப் (லேசருக்கு அனுப்பும் வரைபடக் கோப்பு வகை) கோப்பில் அலகு எழுதாமல் போனால், மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டு எல்லாம் 25.4 மடங்கு பெருத்துவிடும், அல்லது சிறுத்துவிடும். அந்த அளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும், பயமில்லை. கண்ணில் படாதது அச்சுத் தவறு. வரைபடத்தைப் பக்கத்துக்குப் பொருத்தி அச்சிட்டால் 100 மி.மீ. 97 ஆகிவிடும். வாங்கியவர் அந்தத் தாளை வைத்துச் சட்டம் நறுக்கியிருப்பார், ஒன்றும் சேராது. ஒவ்வொரு வரைபடப் பக்கத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, 'முதலில் இதை அளந்து பாருங்கள்' என்று எழுதுங்கள்.

சன்போர்டை லேசரில் கொடுக்காதீர்கள். கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி செய்ய வாங்கும் வெள்ளைப் பலகைகளில் பல பிவிசி நுரைதான். எரியும்போது அமில வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

ஜன்னல் சட்டங்கள் தாளிலிருந்து எடுக்கும்போதே ஒடிகின்றன

நாருக்குக் குறுக்கே 0.6 மி.மீ. சட்டம் நிற்காது, யார் எடுத்தாலும் ஒடியும். ஜன்னலையும் கதவுச் சட்டத்தையும் மரத்தில் வெட்டுவதை விட்டுவிட்டு, அடர்ந்த அட்டைக்கு மாறுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷை அட்டையின் இரு பக்கமும் பூசிக் காயவிட்டால் விளிம்பு பிசிறாது, வண்ணத் தண்ணீர் உறிஞ்சாது. தாளோடு பிடித்திருக்கும் பாலங்களை 0.4 மி.மீ. அளவில், சட்டத்தின் மூலைகளில் வையுங்கள். மெல்லிய நடுக்கம்பியில் பாலம் வைத்தால் கத்தி அங்கேதான் அழுத்தும்.

செங்கல் சுவர் கட்டம் போட்ட நோட்டுபோல இருக்கிறது

10 மி.மீ. சாந்து இடைவெளி 1:87 அளவில் 0.115 மி.மீ. லேசர் கதிரின் புள்ளியே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே செதுக்கச் சொன்னால் இடைவெளி ஏறத்தாழ இரண்டு மடங்கு பருத்துவிடும். சாந்தை ஒற்றைக் கோடாக வரைந்து, குறைந்த திறனில் கீறச் சொல்லுங்கள். 75 மி.மீ. செங்கல்லும் 10 மி.மீ. சாந்தும் சேர்ந்த ஒரு வரிசை 1:87 அளவில் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஆகிறது. எண்ணுவதற்கு வசதியான அளவு.

மூலையில் வரிசைகள் சேராததுதான் பலர் கவனிக்காத பிழை. இங்கிலீஷ் பாண்ட் கட்டில் ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்தது தலைவாக்கிலும் மாறிமாறி வரும். முன்சுவரில் நீளவாக்காக இருக்கும் வரிசை, மூலை திரும்பியதும் பக்கச்சுவரில் தலைவாக்காக வர வேண்டும். இரண்டு சுவருக்கும் ஒரே கோப்பை நகலெடுத்து ஒட்டினால் இது கெட்டுவிடும். மூலை நாக்குகளின் உயரத்தையும் சரியாக ஒரு வரிசை என்று வைத்தால் இணைப்பே கண்ணுக்குத் தெரியாது.

வார்ப்பில் குமிழி, பிசுபிசுப்பு

பாலியூரித்தேன் ரெசின் நுரைத்துப் பொங்கினால் அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஈரத்தோடு சேரும்போது கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அதுதான் குமிழி. திறந்த டப்பாவைச் சென்னைக் காற்றில் விட்டுவைத்தால் இரண்டாவது மாதம் இதுதான் நடக்கும். சிறிய டப்பாக்களாக வாங்குங்கள், கலக்கும் குச்சி உலர்ந்ததாக இருக்கட்டும். மரக்குச்சிக்குள்ளும் ஈரம் உண்டு, பிளாஸ்டிக் குச்சி மேல். சித்திரை வெயிலில் கலவை இறுகும் நேரம் பாதியாகக் குறையும், காலை ஆறு மணிக்கு ஊற்றிவிடுவது நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

சிலிக்கோன் அச்சின் உட்பக்கம் மட்டும் இறுகாமல் ஒட்டுகிறது என்றால் அச்செடுக்க வைத்த மூல வடிவம் அதை இறுகவிடாமல் கெடுத்திருக்கிறது. பிளாட்டினம் வகை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) சிலிக்கோனுக்கு கந்தகம் ஆகாது. கந்தகம் உள்ள மாடலிங் க்ளேயின் மேல் ஊற்றினால் இறுகாது. 3டி பிரிண்டரில் ரெசினில் எடுத்த மூலத்தின் மேலும் பெரும்பாலும் இதே கதி. நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுக்க இறுக்கி, மேலே அக்ரிலிக் லாக்கர் பூசி, ஒரு மூலையில் சொட்டு விட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் தகர வகை சிலிக்கோனுக்குப் போய்விடுங்கள். அது கொஞ்சம் சுருங்கும், ஆயுளும் குறைவு, ஆனால் இந்தத் தொல்லை இல்லை.

பிளாஸ்டர் வார்ப்பு சுண்ணாம்புபோல உதிர்ந்தால் தண்ணீர் அதிகம், அல்லது மூட்டை பழையது. சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 100 கிராமுக்கு 45 முதல் 50 மி.லி. தண்ணீர் கேட்கும். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் டென்டல் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மி.லி. போதும். தண்ணீர் குறைவாகக் கேட்பதால்தான் அது கெட்டியாக நிற்கிறது. திண்ணைத் தூண், படிக்கட்டு, கருங்கல் அடித்தளம் மூன்றுக்கும் நான் இப்போது டென்டல் ஸ்டோன்தான்.

சாயம் சில இடங்களில் ஏறவில்லை

பசை பட்ட இடம். மரம் பசையைக் குடித்துவிட்டால் சாயத்தைக் குடிக்காது. சாயம் முதலில், பசை பிறகு என்று வழிகாட்டியின் வரிசையை மாற்றுங்கள். இந்தியன் இங்க் சில சொட்டுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கலந்தால் பழைய மரத்தின் சாம்பல் நிறம் வரும். தண்ணீரைவிட வேகமாக உலர்வதால் பலகையும் அவ்வளவாக வளையாது.

ஜன்னல் கண்ணாடித் தாள் பனி படர்ந்ததுபோல வெளுத்தால் சூப்பர் க்ளூவின் ஆவி படிந்திருக்கிறது. அங்கே வெள்ளைப் பசை போதும்.

எல்லாம் சரியாகச் சேர்கிறது, ஆனாலும் பொம்மை வீடுபோல இருக்கிறது

இதுதான் கடினமான புகார். வாங்கியவருக்கு எது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது, ஏனென்றால் எந்தத் துண்டும் தவறாக இருக்காது. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் தடிமன். 1.5 மி.மீ. பலகை 1:87 அளவில் 13 செ.மீ. சுவர். மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ பழைய வீட்டு ஜன்னலில் கையை வைத்துப் பாருங்கள், முழங்கை வரை உள்ளே போகும். ஒன்றரை அடிச் சுவருக்கு 5.3 மி.மீ. வேண்டும். முழுச் சுவரையும் தடிமனாக்கத் தேவையில்லை. ஜன்னலையும் வாசலையும் சுற்றி உள்பக்கமாக இரண்டு அடுக்குச் சட்டம் கொடுத்து, கதவைப் பின்னால் தள்ளினால் போதும். நிழல் விழுந்ததும் வீடு நிஜமாகிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்காக முடிந்துபோன கிட் ஒன்றை முழுக்க மறுபடி வரைந்திருக்கிறேன், அதற்கு வருத்தமே இல்லை.

அடுத்து ஓடு. மங்களூர் ஓடு ஏறத்தாழ 410 மி.மீ. நீளம், 235 மி.மீ. அகலம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால் வெளியே தெரிவது சுமார் 320க்கு 208. 1:87 அளவில் 3.7க்கு 2.4 மி.மீ. முழு அளவை அப்படியே சுருக்கி வரைந்தால் ஓடு பெருத்துத் தெரியும். வரிவரியாக வெட்டிய காகிதப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். ஒரே தகட்டில் செதுக்கிய கூரையில் அந்தப் படி விழாது. கட்டடத்தின் காலத்தையும் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதற்கு முந்தைய காட்சி என்று சொல்லிவிட்டு இந்த ஓட்டைப் போட்டால் உதைக்கும், அங்கே நாட்டு ஓடுதான்.

மூன்றாவது, அழுக்கு தவறான இடத்தில் இருப்பது. நம் ஊரில் கட்டடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுப்பதில்லை. கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு, மழைநீர்க் குழாயின் வாய்க்குக் கீழே, ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் என்று தண்ணீர் ஓடும் வழியில்தான் கறுப்புப் பாசி இறங்கும். விரிசலில் ஓர் அரசங்கன்று. காசிமேடு பக்கம் என்றால் கடல் காற்றில் ஆணித்தலைகளும் தகரத்தின் ஓரங்களும் துரு வடிக்கும், தகரத்தின் நடுப்பகுதி கொஞ்சம் தாமதமாகும். வண்ணக் குறிப்பில் 'பழுப்புக் கலவை பூசவும்' என்று எழுதாதீர்கள். எங்கே, ஏன் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

பெயர்ப்பலகை மட்டும் மற்றவற்றோடு பொருந்தாமல் தெரிகிறது

காகிதம் தடிமனாக இருக்கிறது என்பது எளிய காரணம். அச்சிட்ட தாளின் பின்புறத்தை மென்மையான உப்புத்தாளில் தேய்த்து மெலியச் செய்து, விளிம்பில் பென்சில் கறுப்பு தடவுங்கள்.

எழுத்தே காட்டிக்கொடுப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். 1960களின் கடைத்தெரு என்று சொல்லும் கிட்டில் லை, னை, ணா, றா எல்லாம் இன்றைய வடிவத்தில் இருந்தால், அந்தக் காலத்தில் படித்தவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். 'விலை' என்று எழுதிய பலகையில் யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த பழைய லை வேண்டும். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் அதைத் தராது, பழைய பலகைப் படத்தைப் பார்த்துக் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். முகவரியும் அப்படித்தான். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல், அதற்கு முந்தைய மயிலாப்பூர்ப் பலகையில் 'சென்னை-4' என்று நின்றுவிட வேண்டும். ஆங்கிலப் பலகையாக இருந்தால் 1996க்கு முன் மெட்ராஸ்தான்.

'ஒரு துண்டு குறைகிறது' என்று கடிதம்

பாதி நேரம் துண்டு இருக்கும், வேறு துண்டு என்று நினைத்து வேறு இடத்தில் ஒட்டியிருப்பார். இடது, வலது சுவர்கள் ஒன்றுபோலத் தெரிந்தால் அது நம் பொறுப்பு. ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் எண்ணைக் கீறுங்கள். தவறான பக்கத்தில் நுழையவே முடியாதபடி நாக்குகளை இடம் மாற்றி வையுங்கள். சிறிய துண்டுகளுக்கு நான்கு தேவையென்றால் ஐந்து கொடுங்கள்.

முதல் பெட்டியை இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். எனக்கு அதைச் செய்து தருபவர் என் அத்தை மகள். அவள் கையை நிறுத்தி, தாளைத் திருப்பி, மறுபடி திருப்பும் இடங்களைக் குறித்துக்கொள்வேன். போன தடவை பதினொரு இடம். பதினொன்றையும் திருத்திய பிறகுதான் மிச்சப் பெட்டிகளை வெட்டக் கொடுத்தேன்.